மைப்படி வந்த வழி

திருச்சி புத்தூர் நால்ரோட்டில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போகிறவர்கள், கோயில் சுவரெல்லாம் எழுத்தாக இருப்பதைப் பார்த்திருப்பார்கள். அந்த எழுத்தைத் தாளில் ஒற்றியெடுப்பதுதான் மைப்படி. அதன் பழைய வீடு சீனம். துன்ஹுவாங் குகையில் கிடைத்து இன்று பாரிஸில் இருக்கும் ஒரு படியில் கி.பி. 653-ஐக் குறிக்கும் கைக்குறிப்பு உண்டு. 11ஆம் நூற்றாண்டில் ஓயாங் சியூ என்ற அறிஞர் இப்படிப்பட்ட படிகளை ஆயிரம் சுருளாகச் சேர்த்து, அரசவை வரலாறுகளின் பிழைகளைத் திருத்தினார். படிக்கு விலை ஏறியதும் போலிகளும் முளைத்தன. மூலக்கல்லைப் பார்த்து வேறு கல் செதுக்கி, அதிலிருந்து ஒற்றி விற்றார்கள்!

நம் பக்கம் கும்பினி அதிகாரி காலின் மெக்கன்சியின் உதவியாளர்கள் கல்வெட்டுகளைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதினார்கள். அரும்பணிதான், ஆனால் தேய்ந்த இடத்தில் கண் எதிர்பார்த்ததையே கை எழுதிவிடும். 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக வந்த ஜெர்மானியர் ஹுல்ட்ஷ், மைப்படியை நம்பினார். கல்லைத் துலக்கி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மேலே மை ஒற்றினால் கருப்பில் வெள்ளை எழுத்து எழும். 1890இல் வெளிவந்த அவருடைய முதல் கல்வெட்டுத் தொகுதியிலேயே நம் மலைக்கோட்டையில் கல்வெட்டு விட்டுச்சென்ற பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் இடம்பிடித்தான்.

ஸ்ரீரங்கத்தில்தான் இதன் அருமை தெரியும். துருக்கர் படையெடுப்பில் பன்னீராயிரம் பேர் மாண்டதாகக் கோயிலொழுகு சொல்கிறது. ஒழுகோ பல தலைமுறைகள் சேர்த்து எழுதிய நூல். சுவரில் உள்ள, விஜயநகரத் தளபதி கோபணாரியனின் கல்வெட்டு சக ஆண்டு 1293, அதாவது கி.பி. 1371-72, என்கிறது. திருமலையிலிருந்து கொண்டுவந்து செஞ்சியில் வைத்திருந்த அரங்கனை, அவன் பகைவரை வென்று மீண்டும் ஸ்ரீரங்கத்தில் அமர்த்தியதையும் பாடுகிறது. பன்னீராயிரம் அதில் இல்லை. அதனால் படுகொலை பொய்யாகிவிடாது. எண்ணுக்குத் தனிச் சான்று வேண்டும் என்றாகிறது. கல்லும் வென்றவன் பக்கம் நின்று புகழ்வதுதான். அதையும் அப்படியே விழுங்கக் கூடாது.

அரசு எடுத்த படிகள் பின்னர் ஊட்டிக்கும், 1966இல் மைசூருக்கும் போயின. ஸ்ரீரங்கத்துக் கல்வெட்டுகளுக்கென்றே 1982இல் தனித்தொகுதி வந்தது. ஆனால் அச்சில் ஐயம் எழுந்தால் சரிபார்க்கக் கல் வேண்டும். திருப்பணி என்று மணல்வீச்சால் சுவரைத் தேய்த்தும், எழுத்தின்மேல் பெயின்ட் பூசியும் பல ஊர்களில் அதை அழித்திருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கோயிலில் வேலை தொடங்கினால், முதலில் படி எடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.