மொஹிட்டோ

கியூபாவின் ஹவானா நகரோடு பிரிக்க முடியாதபடி இணைந்த ரம் கலவை மதுபானம். வெள்ளை ரம், எலுமிச்சை, புதினா, சர்க்கரை, சோடா ஆகிய ஐந்தே பொருள்கள்தான். வீட்டில் செய்வதும் எளிது. உயரமான கண்ணாடி டம்ளரில் 6 புதினாக் கொத்து, 2 தேக்கரண்டி சர்க்கரை, 20 மி.லி. எலுமிச்சைச் சாறு சேர்த்து, மரக்கரண்டியின் காம்பால் மெல்ல அழுத்த வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். புதினாவின் மணம் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்சுரப்பிகளில் இருக்கிறது. இலை லேசாகக் கசங்கினாலே வெளிவந்துவிடும். நைந்து கிழிந்தால் கசப்பும் சேர்ந்து இறங்கும். பிறகு 45 மி.லி. ரம், ஐஸ் கட்டிகள், கடைசியாகச் சோடா. குலுக்கினால் சோடாவின் நுரை போய்விடும். ஒருமுறை கிளறினால் போதும். ஹவானாவின் ‘லா போதெகித்தா தெல் மெதியோ’ மதுக்கூடம் இந்தப் பானத்துக்குப் பெயர்பெற்றது. ரம் சேர்க்காத வகைக்கு ‘வெர்ஜின் மொஹிட்டோ’ என்று பெயர்.