முதலிடம் யாருக்கு?

கைப்பேசியில் ‘தையல் இயந்திரம்’ என்று இரு சொற்களைத் தட்டுகிறோம். கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பட்டியல் திரையில் வந்து நிற்கிறது. முதலில் உள்ள இரண்டொன்றைப் பார்த்துவிட்டு, வேண்டியதை அறிந்துகொண்டோம் என்ற நிறைவோடு எழுந்துவிடுகிறோம். ஒரு கடையின் பெயர் முதலிடத்திலும் இன்னொரு கடையின் பெயர் ஐம்பதாவது இடத்திலும் நிற்பதேன் என்று நாம் கேட்பதில்லை.

கடைக்காரருக்கோ அது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. ஐரோப்பிய ஆணையம் 2017-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்குகிறது. விளம்பரங்களை ஒதுக்கிப் பார்த்தால், பட்டியலின் முதல் பக்கத்திலுள்ள பத்து முடிவுகளுக்கே ஏறத்தாழ 95 விழுக்காடு சொடுக்குகள் கிடைக்கின்றன. முதலிடத்திற்கு மட்டும் சுமார் 35 விழுக்காடு. இரண்டாம் பக்கத்தின் தலையில் நிற்பதற்குக் கிடைப்பது 1 விழுக்காடே! முதலிடத்தில் உள்ளதை மூன்றாம் இடத்திற்கு நகர்த்தினால், அதை நாடுவோர் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடுகின்றனர்.

இந்த வரிசையை அமைப்பது யார்? எந்த அளவுகோலைக் கொண்டு? அந்த அளவுகோல் மாறும்போது என்ன நேர்கிறது? இவற்றை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

சொற்களை எண்ணிய காலம்

1990-இல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில், மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் எம்டேஜ் என்பவர் ‘ஆர்ச்சி’ என்னும் நிரலை உருவாக்கினார். பல கணிப்பொறிகளில் பொதுப் பயனுக்கென வைக்கப்பட்டிருந்த கோப்புகளின் பெயர்களைத் திரட்டி, கேட்பவருக்குக் காட்டுவதே அதன் வேலை. பின்னர் உலகளாவிய வலை பரவத் தொடங்கியது. 1994-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான ஜெர்ரி யாங், டேவிட் ஃபிலோ இருவரும் ‘யாகூ’வைத் தொடங்கினர். நூலகர் நூல்களைப் பொருள்வாரியாக அடுக்குவதுபோல, மனிதரே தளங்களைப் பார்த்து வகைப்படுத்திய பட்டியல் அது. ஆனால் வலை பெருகிய வேகத்திற்கு மனிதக் கை ஈடுகொடுக்க முடியவில்லை.

1995 டிசம்பரில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் ‘ஆல்ட்டாவிஸ்டா’வை வெளியிட்டது. பக்கங்களின் சொற்கள் அனைத்தையும் இயந்திரமே படித்து, எச்சொல் எங்கெங்கே வருகிறது என்று அட்டவணை இட்டது. நூலின் கடைசியில் காணும் சொல்லடைவைப் போன்றது இது. தேடிய சொல் எத்தனை முறை வருகிறது, தலைப்பில் வருகிறதா என்பன போன்ற குறிப்புகளை வைத்தே அக்காலத் தேடுபொறிகள் வரிசையை முடிவு செய்தன.

இந்தச் சூட்சுமத்தை வணிகர்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் ஒரே சொல்லை நூற்றுக்கணக்கில் எழுதி வைத்தனர். மனிதக் கண்ணுக்கு அது தெரியாது. இயந்திரமோ அதை எண்ணிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். இதனால் பயனுள்ள பக்கங்கள் அடியில் புதைந்தன.

வாக்குகளை எண்ணிய காலம்

ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் வழக்கத்தை நாம் அறிவோம். பலரால் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை சிறப்புடையதாகக் கருதப்படும். இக்கருத்தின் அடிப்படையில் யூஜின் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1996-இல் தொடங்கிய தம் ஆராய்ச்சியில், இந்த எண்ணத்தை வலைக்குப் பொருத்தினர். ஒரு பக்கம் மற்றொரு பக்கத்திற்கு இணைப்புக் கொடுத்தால், அது ஒரு வாக்கு அளித்ததற்குச் சமம்.

எல்லா வாக்குகளும் சமமல்ல. ஊரில் பெயர் பெற்றவரின் சிபாரிசுக்கு மதிப்பு மிகுதியன்றோ? ஆனால் அவர் பெயர் பெற்றவர் என்பதை எப்படி அறிவது? அவருக்குக் கிடைத்த வாக்குகளைக் கொண்டுதான்! கேள்வியே வட்டமாகச் சுழல்வதுபோல் தோன்றும். இதைத் தீர்க்கும் வழி எளிது. ஒருவர் ஏதோ ஒரு பக்கத்தில் தொடங்கி, கண்ணை மூடிக்கொண்டு இணைப்புகளைச் சொடுக்கிச் செல்வதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நூறு அடிகளில் 85 முறை பக்கத்திலுள்ள ஏதேனும் ஓர் இணைப்பைப் பின்பற்றுகிறார். 15 முறை சலித்துப்போய் வேறெங்கோ தாவுகிறார். இப்படியே நெடுங்காலம் அலைந்தால் அவர் எந்தப் பக்கத்தில் அடிக்கடி வந்து நிற்கிறாரோ, அதுவே மதிப்பு மிக்க பக்கம். இந்த அலைச்சலைக் கணிப்பொறி திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, ஒவ்வொரு பக்கத்திற்கும் ஓர் எண்ணைக் கண்டறிகிறது. இம்முறைக்குப் ‘பேஜ்ரேங்க்’ என்று பெயர். 1998 செப்டம்பரில் கூகுள் நிறுவனம் பிறந்தது.

அவ்வாண்டில் இருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பில் ஒரு சுவையான செய்தி உண்டு. செல்பேசி என்று தேடினால், அவர்களுடைய பொறியில் முதலில் வந்தது எந்த விற்பனையாளரின் பக்கமும் அன்று. வண்டி ஓட்டுபவரின் கவனத்தைச் செல்பேசி எவ்வாறு சிதறடிக்கிறது என்ற ஆய்வே முதலில் வந்தது. செல்பேசி விளம்பரங்களால் வாழும் தேடுபொறி இப்படியொரு முடிவைக் காட்டத் தயங்கும் என்றும், விளம்பரப் பணத்தில் நடக்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும் என்றும் அவர்கள் எழுதினர்.

ஆயினும் 2000 அக்டோபரில் கூகுளும் 350 விளம்பரதாரருடன் தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. சொடுக்குக்கு இவ்வளவு என்று ஏலம் விடும் முறையை, 1998-இல் பில் கிராஸ் தொடங்கிய ‘கோடூ’ நிறுவனம் முன்பே காட்டியிருந்தது. 2002-இல் கூகுளும் ஏலமுறைக்கு மாறியது. 2023-ஆம் ஆண்டில் தேடல் சார்ந்த விளம்பரங்களால் அதற்குக் கிடைத்த வருவாய் சுமார் 17,500 கோடி டாலர்!

திருத்தங்களும் சேதங்களும்

வாக்குக்கு மதிப்பு வந்தால் வாக்கு விலைக்கும் வரும். இணைப்புகளை விற்கவும் வாங்கவும் ஒரு சந்தை உருவாயிற்று. ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுப்பதற்காகவே ஆயிரக்கணக்கான வெற்றுப் பக்கங்கள் முளைத்தன. பெரிய நிறுவனங்களும் குறுக்குவழியை நாடாமல் இல்லை. இயந்திரத்திற்கு ஒரு பக்கத்தையும் மனிதருக்கு வேறொரு பக்கத்தையும் காட்டியதற்காக, 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மானியத் தளத்தையே கூகுள் சில நாட்கள் பட்டியலிலிருந்து நீக்கியது.

தேடுபொறி தன் அளவுகோலைத் திருத்தியே ஆக வேண்டியிருந்தது. 2003 நவம்பரில் வந்த பெருந்திருத்தத்திற்கு வணிகர்கள் ‘ஃபுளோரிடா’ என்று பெயரிட்டனர். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கும் வேளை அது. ஆண்டின் பெரும்பகுதி வருமானத்திற்கு அந்தச் சில வாரங்களையே நம்பியிருந்த சிறு கடைக்காரர் பலர், நேற்றுவரை நின்ற இடத்தில் தம் பெயரைக் காணாமல் திகைத்தனர். குறுக்குவழியில் சென்றோரும் இருந்தனர். ஒரு தவறும் செய்யாதவரும் அவர்களோடு சேர்ந்து அடிபட்டனர்.

2011 பிப்ரவரியில் ‘பாண்டா’ வந்தது. மக்கள் தேடும் சொற்களைக் கண்டறிந்து, அவற்றுக்கேற்ப மலிவான கட்டுரைகளைத் தொழிற்சாலைபோல் உற்பத்தி செய்த தளங்களை வடிகட்டுவதே இதன் நோக்கம். அமெரிக்கத் தேடல்களில் ஏறக்குறைய 12 விழுக்காட்டின் முடிவுகள் கவனிக்கத்தக்க அளவு மாறின. 2012 ஏப்ரலில் ‘பெங்குவின்’ வந்து, விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்தது. முன்பு பணம் கொடுத்து இணைப்பு வாங்கியோர், இப்போது அவற்றை நீக்கித் தருமாறு தளங்களுக்குக் கடிதம் எழுதிக் கெஞ்சும் நிலை ஏற்பட்டது!

வாசகருக்கு இத்திருத்தங்களால் நன்மை விளைந்தது உண்மை, குப்பை குறைந்தது. ஆனால் நீதிபதியே கடையும் வைத்திருந்தால்? இங்கிலாந்தில் ஆடம் ராஃப், ஷிவான் ராஃப் என்ற கணவன் மனைவி 2006-இல் ‘ஃபவுண்டெம்’ என்ற விலை ஒப்பீட்டுத் தளத்தை வெளியிட்டனர். சில நாட்களிலேயே அது கூகுள் பட்டியலில் அடியோடு பின்தள்ளப்பட்டது. மற்ற தேடுபொறிகளில் நல்ல இடத்திலேயே நின்றது. அவர்களும் பிறரும் கொடுத்த புகார்களை ஐரோப்பிய ஆணையம் விசாரித்தது. கூகுள் தன் சொந்த விலை ஒப்பீட்டுச் சேவையை மேலே வைத்து, போட்டியாளரைக் கீழே தள்ளியது என்று 2017 ஜூனில் முடிவு கூறி, 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஐரோப்பிய உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அதனை உறுதி செய்தது. அதற்குள் ஃபவுண்டெம் மூடப்பட்டு ஆண்டுகள் சில ஆகியிருந்தன.

இந்தியாவிலும் இத்தகைய வழக்கு எழுந்தது. சென்னையைச் சேர்ந்த திருமணத் தகவல் நிறுவனமான மேட்ரிமோனி.காமும், ஜெய்ப்பூரின் ‘கட்ஸ்’ நுகர்வோர் அமைப்பும் கொடுத்த புகார்களின் மேல், இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் ரூ. 135.86 கோடி அபராதம் விதித்தது. விளம்பர முறை குறித்த குற்றச்சாட்டுகளை ஆணையம் ஏற்கவில்லை. ஆனால் 2010-க்கு முன் சில முடிவுகள் பொருத்தத்தால் அன்றி, முன்கூட்டியே குறித்த இடங்களில் வைக்கப்பட்டன என்று அது கண்டது. கூகுள் மேல்முறையீடு செய்தது.

‘பிடிக்கவில்லையெனில் வேறு தேடுபொறிக்குப் போகலாமே’ எனலாம். 2020-இல் அமெரிக்கத் தேடல்களில் 89.2 விழுக்காடு ஒரே நிறுவனத்தின் வழியே சென்றதாக, 2024 ஆகஸ்டில் வாஷிங்டன் நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. ஒரே கடைத்தெருதான் ஊரில் உண்டு என்றால், அங்கு இடம் இழந்தவர் எங்கே போவார்?

நாம் செய்யத்தக்கது

2024 மே மாதம் முதல் அமெரிக்காவிலும், ஆகஸ்ட் முதல் இந்தியாவிலும், பட்டியலுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்க விடை தோன்றலாயிற்று. பல பக்கங்களிலிருந்து எடுத்துக் கோத்த விடை அது. அது வந்த புதிதில், பாலாடைக்கட்டி நழுவாதிருக்கப் பீட்சாவில் பசை சேர்க்குமாறு அறிவுரை கூறியது. யாரோ வேடிக்கையாக எழுதியதை அது உண்மையென்று எடுத்துக்கொண்டுவிட்டது! பிழைகள் திருந்தலாம். ஆனால் விடை மேலேயே கிடைத்துவிட்டால், மூலப் பக்கத்தை நாடுவோர் குறைவர். உழைத்து எழுதியவருக்கு வாசகரும் இல்லை, வருவாயும் இல்லை என்றானால், நாளை அந்தச் சுருக்கத்திற்கு மூலப்பொருள் எங்கிருந்து வரும்?

தேடுபொறி தரும் வரிசை, மழையளவுமானி காட்டும் எண்ணைப் போன்றதன்று. மழையை அளப்பதால் மழை மாறுவதில்லை. இங்கோ அளக்கப்படுபவர் அளவுகோலைப் பார்த்துத் தம்மை மாற்றிக்கொள்கின்றனர். அளப்பவருக்கும் அதில் ஆதாயம் உண்டு. ஆகவே அவ்வரிசையை ஒருவர் சொன்ன கருத்தாகக் கொள்வதே முறை. விளம்பரம் என்ற சிறு குறிப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது கண்ணில் படாத அளவுக்கு மங்கி வருவதாக, 2013-இல் அமெரிக்க வணிக ஆணையம் தேடுபொறி நிறுவனங்களுக்குக் கடிதமே எழுதியது. பின்னர்ப் பட்டியலில் சற்றுக் கீழே இறங்குங்கள். சொல்லை மாற்றித் தேடுங்கள். மருந்து, பணம், சட்டம் பற்றிய செய்தியாயின், சுருக்கத்தோடு நில்லாமல் மூலப் பக்கத்தைத் திறந்து படியுங்கள். நல்ல தளம் ஒன்றைக் கண்டால் அதன் முகவரியைக் குறித்துவைத்து, அடுத்த முறை நேராகவே செல்லுங்கள். ஐம்பதாவது இடத்தில் நிற்கும் அந்தத் தையல் இயந்திரக் கடை நம் தெருவிலேயே இருக்கலாம். அதன் விலையும் குறைவாக இருக்கலாம்.