பக்கவாத்தியம் வேண்டாத பெண்கள்

அகப்பெல்லா என்றதும் அகப்பை, சமையல் குறிப்பு என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும் :-) இது இத்தாலியச் சொல். 'தேவாலயத்தில் பாடுகிற மாதிரி' என்று அர்த்தம். தம்புரா, மிருதங்கம், கிடார் எதுவும் கிடையாது. வெறும் தொண்டைதான். சுருதி பிடிக்க உள்ளங்கையில் அடங்கும் ஒரு வட்ட ஊதுகுழல் மட்டும் உண்டு. அதையும் பாட்டு ஆரம்பித்ததும் பையில் போட்டுவிடுவார்கள்.

2012ல் வந்த 'பிட்ச் பெர்ஃபெக்ட்' படத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் பார்த்திருப்பார்கள். கல்லூரிப் பெண்கள் குழு ஒன்று ஆண்கள் குழுவோடு மோதுகிற கதை. புனேயில் மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பார்த்தேன். எனக்குக் கதையை விட ஒரு கேள்விதான் மனதில் நின்றது: ஒரே கல்லூரியில் பெண்களுக்கு ஏன் தனிக் குழு? தேடிப் படிக்கப் படிக்க, இது அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் நுழைந்த வரலாறாகவே விரிந்தது.

ஆரம்பம் ஆண்களிடம்தான். 1909ல் யேல் பல்கலைக்கழகத்தில் சில மாணவர்கள் 'விஃபன்பூஃப்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். விஃபன்பூஃப் என்பது அந்தக்கால மேடை நாடகம் ஒன்றில் வந்த கற்பனை மீன். ஊரில் மோரீஸ் என்ற கிளப்பில் கூடிப் பாடுவார்கள். ஆண்டுக்குப் பதினான்கு பேர். பின்னாளில் பிராட்வேயில் கொடிகட்டிப் பறந்த இசையமைப்பாளர் கோல் போர்ட்டர் இதில் பாடியவர்தான். ஜார்ஜ் புஷ்ஷின் (அப்பா புஷ்) அப்பா பிரெஸ்காட் புஷ்ஷும் பாடியிருக்கிறார். அதாவது இது பாட்டுக் கோஷ்டி மட்டுமல்ல. பெரிய இடத்துப் பழக்கவழக்கம், பணம், உலகச் சுற்றுப்பயணம் எல்லாம் சேர்ந்த கிளப்.

அன்றைக்கு யேலில் இளங்கலை படிக்கப் பெண்களுக்கு இடமில்லை. பெண்கள் தனிக் கல்லூரிகளில் படித்தார்கள். அதில் ஒன்று மாசசூசெட்ஸ் மாநிலம் நார்தாம்ப்டனில் இருக்கும் ஸ்மித் கல்லூரி. சோஃபியா ஸ்மித் என்ற அம்மையார் எழுதிவைத்த சொத்தில் உருவாகி, 1875ல் பதினான்கே மாணவிகளோடு திறந்தது. 1936ல் அங்கே ஒரு பெண்கள் குழு பிறந்தது. பெயர் 'ஸ்மிஃபன்பூஃப்ஸ்'! யேல்காரர்களைக் கிண்டல் செய்கிறார்களா, மரியாதை செய்கிறார்களா என்றால், இரண்டும்தான். அமெரிக்காவில் இன்றுவரை தொடர்ந்து பாடிவரும் கல்லூரிப் பெண்கள் அகப்பெல்லா குழுக்களில் இதுவே மூத்தது என்கிறார்கள். ஆறு வருடம் கழித்து, 1942ல், பக்கத்து ஊரில் உள்ள மவுண்ட் ஹோல்யோக் பெண்கள் கல்லூரியில் 'வி-எயிட்ஸ்' வந்தது.

பெண்கள் மட்டும் பாடுவதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. நம் பாட்டு வகுப்பில் பத்துப் பேர் பாடினாலும் பத்துப் பேரும் ஒரே ஸ்வரத்தைத்தான் பாடுவார்கள். இவர்கள் முறையில் ஒரே நேரத்தில் நான்கு வெவ்வேறு ஸ்வரங்கள் ஒலிக்க வேண்டும். ஆண்கள் குழுவில் அடியில் பாஸ் குரல் அஸ்திவாரம் மாதிரி நிற்கும். பெண்கள் குழுவில் இரண்டு சொப்ரானோ, இரண்டு ஆல்ட்டோ. கீழே உள்ள ஆல்ட்டோவுக்கும் ஆண்களின் பாஸுக்கும் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி வித்தியாசம். அஞ்சு கட்டையில் பாடுகிறவரை ஒரு கட்டைக்கு இறங்கிப் பாடச் சொன்னால் என்ன ஆகும் என்று பாட்டு கற்ற அம்மாக்களுக்குத் தெரியும். ஆகவே ஆண்களுக்கு எழுதியதை அப்படியே எடுத்துப் பாட முடியாது. குரல்களை நெருக்கமாக அடுக்கி, பாட்டைப் புதிதாக எழுத வேண்டும். அந்த வேலையைப் பெரும்பாலும் மாணவிகளே செய்தார்கள். பாட்டைப் பிரித்து எழுதுவது, ஒத்திகை நடத்துவது, பயணத்துக்குப் பணம் சேர்ப்பது எல்லாமே பெண்கள் கையில். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1969ல் யேலும் பிரின்ஸ்டனும் இளங்கலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்தன. கதவு திறந்தது, ஆனால் எல்லா அறைகளும் திறக்கவில்லை. பாடத் தெரிந்த பெண்கள் வந்தார்கள். பாட்டுக் குழுக்களோ ஆண்களுடையவை. காத்திருக்கவில்லை அவர்கள். யேலில் அதே 1969ல் 'நியூ ப்ளூ' என்ற முதல் பெண்கள் குழு. பிரின்ஸ்டனில் 1971ல் 'டைகர்லில்லீஸ்'. மோரீஸ் கிளப் பெண்களை உறுப்பினராக ஏற்கவே 1974 ஆயிற்று, அதுவும் மதுபான உரிமத்தை வைத்து நடந்த சட்டப் போராட்டத்துக்குப் பிறகு. இறுதியாண்டு மாணவிகளுக்காக விஃபன்பூஃப்ஸுக்கு இணையாக 'விம் அண்ட் ரிதம்' 1981ல் தொடங்கியது. 1909க்கும் 1981க்கும் இடையே 72 வருடம். அந்த 72 வருடத்தில் சேர்ந்த பேரும் பழைய மாணவர் ஆதரவும் ஒரே நாளில் வந்துவிடுமா?

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு விஷயம். ஆண்கள் பல்கலைக்கழகங்களை ஒட்டிப் பெண்களுக்கென்று துணைக் கல்லூரிகள் இருந்தன. பிரவுனுக்குப் பக்கத்தில் பெம்ப்ரோக், டஃப்ட்ஸில் ஜாக்சன், ஹார்வர்டுக்குப் பக்கத்தில் ராட்கிளிஃப். பெம்ப்ரோக் 1971ல் பிரவுனோடு கலந்தது. ராட்கிளிஃப் 1999ல் ஹார்வர்டோடு முழுசாக இணைந்தது. ஜாக்சனும் டஃப்ட்ஸுக்குள் கரைந்தது. எல்லாம் நல்லதற்குத்தான், சம உரிமை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறுகிற மாதிரி, கலந்தபோதெல்லாம் பெண்கள் கல்லூரியின் பெயர்தான் போனது. அந்தப் பெயர் தங்கிய இடங்களில் ஒன்று பாட்டுக் குழு. டஃப்ட்ஸில் 1963ல் பிறந்த பெண்கள் குழு 'ஜாக்சன் ஜில்ஸ்'. ஹார்வர்டில் 1975ல் பிறந்தது 'ராட்கிளிஃப் பிட்சஸ்'. பெம்ப்ரோக் மாணவிகள் 1953ல் தொடங்கிய 'சாட்டர்டாக்ஸ்' பிரவுனில் தொடர்ந்தது. கல்லூரி போன பின்னும் பாட்டு நின்றது.

படத்துக்கு மூலமும் நிஜக் கதைதான். மிக்கி ராப்கின் 2008ல் எழுதிய புத்தகம், ஆரிகன் பல்கலைக்கழகத்தில் 2001ல் தொடங்கிய 'டிவிசி' என்ற பெண்கள் குழுவையும் இரண்டு ஆண்கள் குழுக்களையும் பின்தொடர்ந்தது. 2005 போட்டியில் பட்டத்தைத் தவறவிட்ட டிவிசி, மறுபடி முயன்ற கதை அது.

நம்மவர்கள் இதில் எங்கே? 1996ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 'பென் மசாலா' என்ற தெற்காசிய அகப்பெல்லா குழு வந்தது. இந்தியும் ஆங்கிலமும் கலந்து பாடினார்கள். 2009ல் வெள்ளை மாளிகை தீபாவளியில் பாடினார்கள். 2015ல் 'பிட்ச் பெர்ஃபெக்ட் 2' படத்திலும் வந்தார்கள். எல்லாரும் பையன்கள்! கடல் கடந்து போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகளும் அங்கே இருந்த அச்சிலேயே வார்த்துக்கொண்டார்கள்.

2018ல் யேலில் ஒரு முடிவு வந்தது. அதற்கு முன் பெண்களைச் சேர்க்கலாமா என்று கேட்டபோதெல்லாம் விஃபன்பூஃப்ஸின் பதில் 'வேண்டாம்'. இந்த முறை இரண்டு குழுக்களும் பேசி, ஆணா பெண்ணா என்று பார்க்காமல் குரலைப் பார்த்து எடுப்பது என்று தீர்மானித்தார்கள். தாழ்ந்த குரல்கள் இங்கே, உயர்ந்த குரல்கள் அங்கே. அந்த ஆண்டே விஃபன்பூஃப்ஸில் முதல் பெண் சேர்ந்தார்.

இது சரியான வழி என்றே நான் நினைக்கிறேன். பெண்கள் குழுவைக் கலைத்துவிட்டு 'வாருங்கள், எங்களோடு சேருங்கள்' என்று சொல்லியிருந்தால், ராட்கிளிஃபுக்கு நடந்ததுதான் மறுபடி நடந்திருக்கும். அனுமதி கிடைத்திருக்கும், எழுதவும் நடத்தவும் கணக்குப் பார்க்கவும் பெண்கள் கையில் இருந்த இடம் போயிருக்கும். கதவு திறப்பது முக்கியம்தான். ஆனால், அது மூடியிருந்த காலத்தில் வெளியே நின்றவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட வீட்டையும் இடிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

நம் பெண்களும் அந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் காலம் இது. தகவல் பலகையில் பாட்டுக் குழு அறிவிப்பைப் பார்த்தால், பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கட்டும். பிறகு போய்ப் பாடட்டும்.