மாடித் தோட்டத்துக்கு 'மினி கிரீன்ஹவுஸ்' வாங்கலாமா? புதுச்சேரி வெயிலுக்கு எது சரிப்படும்?

பங்குனி பிறக்கப் போகுது. தை மாதம் கொத்துக் கொத்தாகக் காய்த்த மாடித் தக்காளி, இப்போது பூவை உதிர்க்கத் தொடங்கியிருக்கும். இந்த நேரத்தில்தான் ஜிப் வைத்த பாலித்தீன் கூடாரம் ஆன்லைனில் கண்ணில் படும். 'மினி கிரீன்ஹவுஸ்' என்று பெயர். வாங்கலாமா? புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு நேரான பதில்: வேண்டாம்.

ஏன் வேண்டாம்?

பசுமைக்குடிலின் வேலையே சூட்டைப் பிடித்து வைப்பது. வெயில் உள்ளே போகும், சூடான காற்று வெளியே வராது. பிரான்ஸில் வசந்த காலத்து ராத்திரிக் குளிருக்கு இது தேவை. நம்ம ஊர் பங்குனியில் சிமெண்ட் தளத்தின் மேல் மூடிய கூடாரம் வைத்தால், வெளியே இருப்பதைவிட 10 டிகிரிக்கு மேல் கூட ஏறும். நாற்று வெந்துவிடும். ஓசூர், ஊட்டியில் பாலிஹவுஸ் விவசாயம் எடுபடுதுன்னா, அங்கே குளிர்ச்சி இருக்கு.

இந்த ஊருக்கு எது ஒத்துவரும் என்ற கேள்வி புதுசு இல்லை. 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தாவரவியல் பூங்கா அமைத்ததே, எந்தப் பயிர் இந்த மண்ணில் தேறும் என்று சோதித்துப் பார்க்கத்தான்.

அப்போ என்ன செய்யலாம்?

50 சதவீத நிழல்வலை போதும். தலைக்கு மேல் உயரமாகக் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்க, மதியக் கடல்காற்று உள்ளே வரட்டும். பைகளைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் செங்கல் மேல் வைத்தால் வேர் சூடு குறையும்.

பகலில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் வெக்கை தணியலைன்னா தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கும். பூக்கும், காய் பிடிக்காது. உரம் பத்தலைன்னு நினைத்து மேலும் மேலும் கொட்டுவதுதான் பலர் செய்யும் தப்பு. அதை விட்டுட்டு வெண்டை, கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை விதைக்கலாம். இதெல்லாம் வெயில் தாங்கும்.

தண்ணீரில் கவனம்

கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரில் உப்பு ஏறுவது புதுச்சேரிக்குப் பழைய தலைவலி. மண் மேல் வெள்ளையாகப் பொருக்கு படிந்தால், அது உப்பு. நல்ல தண்ணீரை அடித்துளை வழியாக வடியும் வரை ஊற்றி, மண்ணைக் கழுவி விடணும். ஆர்.ஓ. மெஷின் கழிவுநீரைச் செடிக்கு விடும் பழக்கம் இருந்தால் நிறுத்திடுங்க, அதில் உப்பு இன்னும் அதிகம். அரிசி கழுவின தண்ணி எவ்வளவோ மேல்.

இன்னொன்று. ஐப்பசி பிறந்ததும் வலையைக் கழற்றி மடித்து வைத்துவிடுங்க. 2011-ல் தானே, 2024-ல் ஃபெஞ்சல் என்று புயல் இந்தக் கரையில் ஏறியதெல்லாம் அதுக்குப் பிந்தைய மாதங்களில்தான்.