சிவப்புக் கண் வெள்ளி வீரன்

பொம்மைப் படைகள் – 14

சென்ற வாரம் கதையை 2016 செப்டம்பரில் நிறுத்தியிருந்தோம். ஐடிடபிள்யூ நிறுவனத்தின் ‘ரெவல்யூஷன்’ முதல் இதழ் கடைக்கு வந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், ஜி.ஐ.ஜோ, மைக்ரோநாட்ஸ், ஆக்‌ஷன் மேன், மாஸ்க், ரோம் என ஹாஸ்ப்ரோவின் ஆறு பொம்மைக் குடும்பங்களும் ஒரே பூமியில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. இந்த வாரம் போர் என்று சொல்லியிருந்தேன். போருக்குத்தான் போகிறோம். அதற்குமுன், கடைசியாக ரோம் என்று சொன்னேனே, அவனைப் பற்றி நாலு வரி. மற்ற ஐந்தும் உங்களுக்குப் பழக்கம். ஆப்டிமஸ் பிரைம் யார், கோப்ரா யார் என்று மறுபடி ஆரம்பித்தால் ஆசிரியர் கத்தரியை எடுத்துவிடுவார்.

1979. மொனாபலி விற்றுப் பெயர் வாங்கிய பார்க்கர் பிரதர்ஸுக்குத் திடீரென்று ஓர் ஆசை. அட்டையும் பகடையுமாக எத்தனை காலம் ஓட்டுவது, நாமும் ஒரு வீரன் பொம்மை செய்வோமே என்று. ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை விற்றுக் கென்னர் கொழித்துக்கொண்டிருந்த நேரம், ஆசை வராமல் இருக்குமா? மூன்று கண்டுபிடிப்பாளர்கள் ஒரு எலெக்ட்ரானிக் வீரனைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கணினி மொழியின் பெயரையே எடுத்து ‘கோபால்’ என்று வைத்திருந்தார்கள். (நம் ஊரில் அந்தப் பெயரோடு வந்திருந்தால் வீட்டுக்கு வீடு வம்பாகியிருக்கும்.) நிர்வாகிகள் அதை ‘ரோம்’ என்று மாற்றினார்கள். அதுவும் கணினிச் சமாச்சாரம்தான். படிக்க மட்டும் முடிகிற நினைவகத்தின் சுருக்கம்.

அதன்பிறகு கணக்குப்பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். கண்ணுக்குப் பச்சை எல்.இ.டி. என்று திட்டம். பச்சை விலை அதிகம், சிவப்பு மலிவு. சரி, சிவப்பே இருக்கட்டும். மூட்டுக்கு மூட்டு மடங்கும்படி செய்தால் செலவு ஏறும். சரி, மடங்க வேண்டாம். கடைசியில் கடைக்கு வந்தது, எவர்சில்வர் டிபன் பாக்ஸைக் கவிழ்த்து வைத்த மாதிரி தலையோடு விறைத்து நிற்கும் ஒரு வெள்ளி உருவம். பித்தானை அமுக்கினால் கண் எரியும், மூச்சு விடுகிற சத்தம் கேட்கும், கையில் மாட்டும் கருவிகள் மினுங்கும். கூட விளையாட நண்பனும் இல்லை, அடிக்க வில்லனும் இல்லை. தனிக்கட்டை. டைம் இதழ் கேலி செய்தது. பிள்ளைகள் சீந்தவில்லை. பார்க்கர் பிரதர்ஸ் வீரன் பொம்மை ஆசையையே மூட்டை கட்டியது.

பொம்மையின் கதை இத்தோடு முடிந்தது. ஆனால் விற்பனைக்குக் கைகொடுக்கும் என்று மார்வெலிடம் ஒரு காமிக்ஸுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். மார்வெல் அதைப் பில் மாண்ட்லோவிடம் கொடுத்தது.

மாண்ட்லோவுக்கு இது புதிதில்லை. 1977 கிறிஸ்துமஸுக்கு அவருடைய மகனுக்கு மெகோ நிறுவனத்தின் மைக்ரோநாட்ஸ் பொம்மைகள் பரிசாக வந்தன. பையன் பிரித்து விளையாட, அப்பா அந்தப் பொம்மைகளைக் கையில் எடுத்துப் பார்த்து, இவற்றுக்குள் ஓர் உலகமே இருக்கிறது என்று ஆசிரியர் ஜிம் ஷூட்டரிடம் போய் நின்றார். ஷூட்டர் உரிமம் வாங்கிக் கொடுத்தார். மைக்கேல் கோல்டன் வரைய, 1979இல் அந்தத் தொடர் வந்து சக்கைப்போடு போட்டது. ஆக, பொம்மைக்கு உயிர் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் மார்வெல் அலுவலகத்தில் எல்லோரும் கைகாட்டுவது மாண்ட்லோவைத்தான். மார்வெலில் கெடு தவறும் நேரத்தில் எந்தத் தொடரானாலும் ஓர் இதழை எழுதித் தள்ளும் ஆபத்பாந்தவனும் அவரே. அப்படிப்பட்டவர்களை விமர்சகர்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பது வழக்கம். வாராவாரம் கெடுவுக்கு எழுதுகிறவன் என்ற முறையில், நான் மாண்ட்லோ கட்சி.

அவர் எழுதிய ரோமின் முதல் இதழை ஒருமுறை பக்கம் பக்கமாகப் பார்த்துவிடலாம். மேற்கு வர்ஜீனியாவில் கிளேர்டன் என்ற கற்பனைச் சிற்றூர். இரவு. வானிலிருந்து விழுகிறது ஒரு வெள்ளி உருவம். சாலையில் காரோட்டி வரும் பிராண்டி கிளார்க் அதைக் கண்டு மிரண்டு ஸ்டியரிங்கைத் திருப்ப, பாதாளத்தில் பாயவிருந்த காரை அந்த உருவமே பிடித்து நிறுத்துகிறது. நல்லவன் போலிருக்கிறதே என்று நாம் நினைக்கும்போதே அது ஊருக்குள் நடக்கிறது. கடைத்தெருவில் போகிறவர்கள் மேல் கையிலிருக்கும் கருவியின் ஒளியைப் பாய்ச்சுகிறது. சாதாரண மனிதர்கள். ஆனால் ரோமின் சிவப்புக் கண்ணுக்கு அங்கே தெரிவது வேறு முகம். மறுகணம் இன்னொரு கருவி சீறுகிறது. ஊரார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நேற்றுவரை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த ஆள் நின்ற இடத்தில் ஒரு பிடி சாம்பல்.

அவர்கள் மனிதர்கள் இல்லை; ஸ்க்ரல் இனத்தின் கிளையான டயர் ரெய்த்துகள், மனித உருவெடுத்து ஊருக்குள் குடியேறியவை. ரோம் அவற்றைக் கொல்லவும் இல்லை. லிம்போ என்ற சூனிய வெளிக்கு நாடு கடத்துகிறான். தன் கிரகமான கலடோரைக் காக்க உடலைக் கொடுத்து உலோகத்தை வாங்கிக்கொண்டு இருநூறு ஆண்டுகளாக இதே வேலையாக அலைகிறான். இதெல்லாம் நமக்குத் தெரியும், ரோமுக்குத் தெரியும், போகப்போக பிராண்டிக்கும் தெரியும். ஊருக்குத் தெரியாது. போலீசுக்கும் ராணுவத்துக்கும் அவன் கொலைகார எந்திரம்.

பார்க்கர் பிரதர்ஸ் காசு மிச்சம் பிடித்ததன் பலனை இங்கே பாருங்கள். முகத்தில் வாய் கிடையாது, உணர்ச்சி கிடையாது, சிவப்பாக இரண்டு கண் மட்டும். பச்சைக் கண்ணோடு வந்திருந்தால் அந்த ஊர் இவ்வளவு பயந்திருக்குமா? பொம்மையில் எதெல்லாம் குறையோ, அதையெல்லாம் மாண்ட்லோ கதையின் முதுகெலும்பாக்கிவிட்டார். சால் புசேமாவின் கோடுகளும் அதற்குத் தோள் கொடுத்தன. அந்த விறைத்த உருவத்தை அவர் தலையைக் குனிய வைத்தே துக்கப்பட வைப்பார்.

வில்லன்கள் விஷயத்திலும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. கோப்ரா கமாண்டர் கத்துவார், தோற்பார், ஓடுவார். மெகாட்ரான் கொஞ்சம் பரவாயில்லை. ரெய்த்துகளோ வயிற்றைக் கலக்கும் ஜாதி. தொடரின் பிற்பாதியில் ரெய்த் இனத்தின் பெண்கள், சூனியக்காரிகள், தங்கள் ஆண்களையே ஒழித்துக்கட்டிவிட்டு ஆட்சியைப் பிடிக்கிறார்கள். முள் நாக்கால் மண்டையைத் துளைத்து மூளையை உறிஞ்சி, செத்தவரின் நினைவோடு அவர் உருவத்தையும் எடுத்துக்கொள்வார்கள். குழந்தைகள் பொம்மைக்காக எழுதப்பட்ட புத்தகத்தில்! நிறுவனத்தில் யாராவது படித்திருந்தால் தடுத்திருப்பார்கள். பொம்மை செத்துப்போயிருந்ததால் தட்டிக்கேட்க ஆளில்லை.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், உரிமையாளர் தோள்மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே காலத்தில் சாட்சி இருக்கிறது. 1986இல் தொடங்கி நான்கு இதழ்களாக வந்த ‘ஜி.ஐ.ஜோ அண்டு த டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’. ஹாஸ்ப்ரோவின் இரண்டு பெரிய பிராண்டுகள் முதல்முறையாக ஒரே காமிக்ஸில். எவ்வளவு பெரிய வாய்ப்பு! நடந்தது என்ன? ஜோக்கள் தவறாகப் புரிந்துகொண்டு பம்பிள்பீயைச் சுக்குநூறாக்குகிறார்கள். பிறகு அவன் கோல்டுபக் என்ற பெயரில் புது உடம்போடு எழுந்து வருகிறான். 1987இல் கோல்டுபக் பொம்மை கடையில் தயார். கதையில் யார் சாக வேண்டும், யார் பிழைக்க வேண்டும் என்பதை விற்பனைப் பட்டியல் முடிவுசெய்தது. (அந்த ஜோ பொம்மைகளில் பலவற்றை நம் ஃபன்ஸ்கூலும் செய்தது, எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் 1987இல் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. அந்தக் கதையைத் தனி அத்தியாயமாக வைத்திருக்கிறேன்.)

ரோமுக்கோ பட்டியலே கிடையாது. அதனால் அவன் இஷ்டத்துக்குச் சுற்றினான். மார்வெலின் மற்ற நாயகர்கள் அவன் கதைக்குள் வந்தார்கள். அவன் கதை அவர்கள் கதைக்குள் போனது. ரெய்த்துகளை எதிர்க்க ஃபோர்ஜ் என்ற மார்வெல் கண்டுபிடிப்பாளன் செய்த துப்பாக்கிதான் 1984இல் எக்ஸ்-மென் தொடரில் குறி தவறி ஸ்டார்மின் சக்திகளைப் பறித்தது. எக்ஸ்-மென் வாசகர்கள் இன்றும் பேசும் அந்தத் திருப்பத்துக்கு மூலம், சோபாவுக்கு அடியில் தூசு தின்றுகொண்டிருந்த ஒரு பொம்மை! 65ஆம் இதழில் ரெய்த்துகளின் கிரகமே பூமியை நெருங்கி வர, அதே ஃபோர்ஜ் செய்த மாபெரும் கருவியால் ரோம் அதை லிம்போவுக்குத் தள்ளுகிறான். சரியான கிராஸ்ஓவர் என்றால் எனக்கு அதுதான். 1986இல் 75ஆம் இதழில் ரோம் மனித உடலோடு பிராண்டியுடன் கலடோரில் நிற்க, தொடர் முடிந்தது. பொம்மை தாங்காததைக் காமிக்ஸ் ஆறு ஆண்டுக்குமேல் தாங்கியது.

மாண்ட்லோ அதன்பின் சட்டம் படித்தார். பிராங்ஸில் வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞரானார். 1992 ஜூலையில் ரோலர் ஸ்கேட்டில் போய்க்கொண்டிருந்தவரை ஒரு கார் மோதிவிட்டு நிற்காமல் போனது. தலையில் பலத்த காயம். அதிலிருந்து அவர் மீளவே இல்லை. வாழ்க்கை பராமரிப்பு இல்லத்தில் என்றானது. 1976இல் கீத் கிஃபனுடன் சேர்ந்து அவர் படைத்த ராக்கெட் ரக்கூன் 2014இல் ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’ படத்தில் உலகெங்கும் துப்பாக்கியோடு துள்ளியபோது, மார்வெல் அவருக்காகப் படத்தைத் தனியாகப் போட்டுக் காட்டியது. பொம்மை கம்பெனிகளுக்கும் காமிக்ஸ் கம்பெனிகளுக்கும் இத்தனை சம்பாதித்துக் கொடுத்த கை அது. அந்தக் கணக்கை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, ரோம் எப்படி ஹாஸ்ப்ரோ வீட்டுக்கு வந்தான்? பார்க்கர் பிரதர்ஸும் கென்னரும் ஜெனரல் மில்ஸ் என்ற தானிய உணவு கம்பெனியின் சொத்து. 1985இல் இரண்டையும் சேர்த்துக் கழற்றிவிட்டார்கள். 1987இல் டோங்கா வாங்கியது. 1991இல் டோங்காவை ஹாஸ்ப்ரோ வாங்கியது. பார்க்கரின் ரோமும், கென்னரின் மாஸ்க்கும் அந்த ஒரே கையெழுத்தில் வந்து சேர்ந்தன. கதாசிரியர்கள் கைகுலுக்க வைப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே வக்கீல்கள் கிராஸ்ஓவரை முடித்துவிட்டார்கள். மற்றவை ஏற்கெனவே ரத்த சொந்தம். ஆக்‌ஷன் மேன், ஜி.ஐ.ஜோவின் பிரிட்டிஷ் பதிப்பு. ஜப்பானின் தக்காரா, ஜி.ஐ.ஜோ உடம்பைக் கண்ணாடிபோல் வார்த்து ஒரு சைபோர்க் செய்தது. அதைச் சுருக்கி மைக்ரோமேன் ஆக்கியது. அதுதான் அமெரிக்காவில் மைக்ரோநாட்ஸ். அந்த மைக்ரோமேன் வழியில் வந்த உருமாறும் எந்திரங்கள் 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஆயின. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் பிரிந்துபோய், 2016இல் ஒரே கதையில் சந்தித்துக்கொண்டதும் அடித்துக்கொண்டார்கள்.

சொத்துப் பிரிவினை மட்டும் கசப்பாகவே முடிந்தது. ரோம் என்ற பெயரும் உருவமும் ஹாஸ்ப்ரோவுக்கு. கலடோரும் பிராண்டியும் கிளேர்டனும் மார்வெலுக்கு. பல ஆண்டுகள் மார்வெலால் அந்த 75 இதழ்களை மறுபதிப்புப் போட முடியவில்லை. ஹாஸ்ப்ரோவோடு சமாதானமாகி, 2024இல்தான் கெட்டி அட்டைத் தொகுப்பு வந்தது. இந்தப் பக்கம் ஐடிடபிள்யூவால் கலடோர் என்ற வார்த்தையைத் தொடவே முடியவில்லை. ஆகவே 2016 மே மாதம் கிறிஸ் ரயாலும் கிறிஸ்டோஸ் கேஜும் எழுதி டேவிட் மெஸ்ஸினா வரைந்த புது ரோம், சோல்ஸ்டார் படை என்ற வேறொரு படையின் வீரனாக வந்து இறங்கினான். ஆனால் ரெய்த் வேட்டையும், மனிதர் கண்ணுக்குக் கொலைகாரனாகத் தெரிகிற அந்தப் பழைய சாபமும் அவனோடு ஒட்டிக்கொண்டு வந்தன. ஜான் பார்பரும் கல்லன் பன்னும் ‘ரெவல்யூஷன்’ போருக்குத் திரி கொளுத்தியது அந்த இடத்தில்தான்.

பூமியைத் தன் கோள்களின் கூட்டவையில் சேர்த்துவிட்டதாக ஆப்டிமஸ் பிரைம் அறிவித்துவிட்டார். யாரைக் கேட்டு அறிவித்தார் என்று ஜோக்கள் கொதித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கொதிப்புக்கு நடுவில், யார் மனிதன், யார் ரெய்த் என்று தனக்கு மட்டும் தெரிந்த ஒருவன் கருவியோடு நடந்து வருகிறான். எனக்குக் கொடுத்த இரண்டு பக்கமும் தீர்ந்தது. முதல் குண்டு யார்மேல் பாய்ந்தது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)