சொந்த நிலத்தில் மரமும் மண்ணும்: அரசின் உதவி எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது?

மும்பை: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களில் பலருக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடி உள்ளிட்ட மாவட்டங்களில் பூர்விக நிலம் உள்ளது. கோயில் கொடைக்கோ திருமணத்துக்கோ ஊருக்குச் செல்லும்போது, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் அந்தப் புஞ்சையைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அந்த நிலத்தில் மரம் வளர்த்தால் அரசு உதவி செய்யுமா?

செய்யும் என்பதே சுருக்கமான விடை. ஆனால், அந்த உதவி பெரும்பாலும் நடுவதற்கு உரியது. முதல் சில ஆண்டுகள் பராமரிப்பதற்கும் உரியது. ஏற்கெனவே நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டாமல் காப்பவருக்கு இந்தியாவில் பணம் தரும் திட்டம் அரிது. நிற்கும் மரத்துக்கு உள்ளவை பெரும்பாலும் சட்டங்களே. இந்த வேறுபாட்டை அறியாமல் விண்ணப்பிப்பவர்கள் ஏமாற்றம் அடைகின்றனர். சிலர் மரம் நடவே அஞ்சுகின்றனர்.

கன்றுக்கு ஏழு ரூபாய்

தமிழகத்தில் தனியார் நில உரிமையாளர்களுக்கு நேரடியாக உரியது, வேளாண்மைத் துறை 2021-22ஆம் ஆண்டில் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கம். இத்திட்டத்தின்படி தேக்கு, வேம்பு, மகோகனி, செம்மரம், சந்தனம், மலைவேம்பு போன்ற கன்றுகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. வரப்போரம் மட்டும் நடுவோருக்கு ஏக்கருக்கு 50 கன்றுகள், நிலம் முழுவதும் நடுவோருக்கு ஏக்கருக்கு 160 கன்றுகள் என்பது கணக்கு. உயிரோடு இருக்கும் கன்று ஒன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகளில் 21 ரூபாய் ஊக்கத்தொகை தரப்படும் என அறிவிக்கப்பட்டது. உழவன் செயலி வழியாகப் பதிவு செய்யலாம். ஆண்டு இலக்கும் நிதி ஒதுக்கீடும் மாறுபடுவதால், பதிவுக்கு முன்பு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் அவ்வாண்டு நிலவரத்தைக் கேட்டறிவது நல்லது.

160 கன்றுகளும் பிழைத்தாலும் மூன்று ஆண்டுகளில் கிடைப்பது ஏக்கருக்கு 3,360 ரூபாய். வேலி அமைத்துக் கோடையில் தண்ணீர் ஊற்றும் கூலிக்கே இத்தொகை போதாது. ஆகவே, இதை வருமானமாகக் கருதாமல், கன்றின் விலை மிச்சம் என்று கருதுவதே பொருத்தம்.

மத்திய அரசு 2014இல் தேசிய வேளாண் காடு வளர்ப்புக் கொள்கையை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து 2016-17இல் வந்த வேளாண் காடு வளர்ப்புத் துணை இயக்கத்தில் உதவித்தொகை நான்கு ஆண்டுகளுக்கு 40:20:20:20 என்ற விகிதத்தில் பிரித்துத் தரப்பட்டது. அத்திட்டம் பின்னர் ராஷ்டிரிய கிருஷி விகாஸ் யோஜனாவின் ஓர் அங்கமாக மாற்றப்பட்டு, தரமான கன்று உற்பத்திக்கு முன்னுரிமை தரப்பட்டது.

வண்டலும் தேரி மணலும்

மண் பாதுகாப்புக்கான உதவிகள் மரத்துக்கானவற்றைவிடப் பழையவை. ஆனால் அதிகம் பேசப்படாதவை. பம்பாய் நிலச் சீர்திருத்தத் திட்டங்கள் சட்டம் 1942இலும், அதே நோக்கமுடைய சென்னை மாகாணச் சட்டம் 1959இலும் இயற்றப்பட்டன. சரிவான நிலங்களில் மண்ணைத் தடுக்கும் வரப்புகளை அரசே அமைத்து, செலவை உரிமையாளரிடமிருந்து தவணைகளில் பெற வழிசெய்தவை இவை. இன்று தமிழகத்தில் பண்ணைக் குட்டை, தடுப்பணை, வரப்பு அமைத்தல் போன்ற பணிகளை வேளாண்மைப் பொறியியல் துறை கவனிக்கிறது.

நிலத்தை வளப்படுத்த விரும்புவோருக்குக் கைக்கு எட்டும் வாய்ப்பு கண்மாய் வண்டல் மண். நீர்நிலைகளிலிருந்து கட்டணமின்றி வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரும் எளிய நடைமுறை 2024இல் நடைமுறைக்கு வந்தது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் என அளவு வரையறுக்கப்பட்டுள்ளது. மண் இலவசம், அதை ஏற்றி வரும் வண்டிச் செலவு உரிமையாளருடையது. 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 206 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதை வழங்குவதும் ஒரு பகுதி. தக்கைப்பூண்டு போன்ற பயிரை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் மண்ணில் தழைச்சத்து கூடும்.

தூத்துக்குடி மாவட்டத்தின் திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதிகளில் பிரச்சினை வேறு. அங்குள்ள செந்நிறத் தேரி மணல், ஆடிக் காற்றில் இடம்பெயர்ந்து அருகிலுள்ள நிலங்களை மூடக்கூடியது. அந்த மண்ணைப் பிடித்து நிறுத்துவதில் பனைக்கும் முந்திரிக்கும் குடைவேல மரத்துக்கும் பங்கு உண்டு. பனையை விறகுக்கும் செங்கல் சூளைக்கும் வெட்டி விற்பது பெருகியதால், தமிழக அரசு 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கும் திட்டத்தை அறிவித்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்பதும் அப்போதே அறிவிக்கப்பட்டது. சொந்த நிலத்துப் பனைதானே என்று வெட்டுவதற்கு ஊரிலுள்ள உறவினர்களிடம் தொலைபேசியில் சம்மதம் சொல்லும் மும்பைவாசிகள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

சீமைக்கருவேலத்துக்கு இதற்கு நேர்மாறான நிலை. பட்டா நிலங்களிலும் அதை அகற்ற வேண்டும் என்றும், உரிமையாளர் தவறினால் அரசே அகற்றிச் செலவை அவரிடம் வசூலிக்கலாம் என்றும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டது. அதே ஆண்டில் சென்னையிலுள்ள முதல் அமர்வு அகற்றும் பணிக்கு இடைக்காலத் தடை விதித்தது. இந்த அயல் தாவரத்தை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2022இல் வெளியிட்டது. தரிசாகக் கிடக்கும் நிலங்களை 10 முதல் 15 ஏக்கர் கொண்ட தொகுப்புகளாகச் சேர்த்து, முட்புதர் அகற்றி, ஆழ்துளைக் கிணறு அமைத்துத் தரும் கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம் இத்தகைய நிலங்களுக்குப் பொருந்தும். அக்கம்பக்கத்து உரிமையாளர்களும் ஒப்புக்கொண்டால்தான் தொகுப்பு உருவாகும். அவர்களில் சிலரும் மும்பையில்தான் இருக்கக்கூடும்.

அச்சம் எங்கிருந்து வந்தது?

மரம் வளர்ந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற பேச்சு கிராமங்களில் உண்டு. இது வெறும் வதந்தி அல்ல; அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்த நிலையில், நிலம் கைமாறுமுன் காட்டை வெட்டி விற்கும் போக்கைத் தடுக்க, சென்னை மாகாணத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் வரும் காட்டை விற்கவும் மரம் வெட்டவும் முன் அனுமதி தேவை. நீலகிரி மாவட்டம் கூடலூர் பகுதிக் காடுகளை முன்வைத்து டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு தொடர்ந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த உத்தரவு நாடு முழுவதையும் பாதித்தது. அகராதிப் பொருளில் காடாக உள்ள எந்த நிலமும், உரிமையாளர் யாராக இருந்தாலும், 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்படும் என்று அது கூறியது. தமிழகத்துக்கான பகுதியில், முன்பு காடாக இராத இடத்தில் மனிதர் நட்டு வளர்த்த மரங்களுக்கு வெட்டும் தடை பொருந்தாது என்று விலக்கும் அளித்தது. நட்ட மரம் ஒரு வகை, தானாக முளைத்த மரம் வேறு வகை என்ற பிரிவினை இதனால் அழுத்தம் பெற்றது. தானாக வளர்ந்ததைக் காத்தவரே கூடுதல் கட்டுப்பாட்டுக்கு உள்ளாகிறார் என்பது இதன் முரண்.

மும்பையிலேயே இதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. மகாராஷ்டிர தனியார் காடுகள் கையகப்படுத்தும் சட்டம் 1975 ஆகஸ்ட் 30 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றே மாநிலத்தின் தனியார் காடுகள் அனைத்தும் அரசுக்கு உரியவை ஆயின. 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் 35ஆவது பிரிவின்கீழ் அறிவிப்பு பிறப்பிக்கப்பட்டிருந்த நிலமும் 'தனியார் காடு' என வரையறுக்கப்பட்டிருந்தது. செம்பூருக்கு வடக்கே விக்ரோலியில் உள்ள கோத்ரெஜ் நிறுவன நிலத்துக்கு 1950களில் அப்படி ஓர் அறிவிப்பு வெளியாகியிருந்தது. அரை நூற்றாண்டு கழித்து அதைக் காட்டி, நிலம் அரசுடையது என்று அதிகாரிகள் கூறினர். பம்பாய் உயர் நீதிமன்றம் 2008 மார்ச்சில் அரசின் வாதத்தை ஏற்றது. முலுண்ட் உள்ளிட்ட புறநகர்களில் அடுக்குமாடி வீடு வாங்கியிருந்தவர்களும் தாங்கள் வனநிலத்தில் குடியிருப்பதாக அறிந்து திகைத்தனர்.

உச்ச நீதிமன்றம் 2014 ஜனவரி 30 அன்று அத்தீர்ப்பை ரத்து செய்தது. அறிவிப்பு எழுதப்பட்டது மட்டும் போதாது. அது உரிமையாளரிடம் முறையாகச் சேர்க்கப்பட்டு, அவர் தரப்பைக் கேட்டிருக்க வேண்டும். பல்லாண்டுகளாகக் கிடப்பில் போட்ட அறிவிப்பைக் கொண்டு நிலத்தைப் பறிக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். பெருநிறுவனத்தால் உச்ச நீதிமன்றம் வரை போராட முடிந்தது. இரண்டு ஏக்கர் புஞ்சைக்காரரால் அது இயலுமா என்பதே அச்சத்தின் வேர்.

2023ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம், காடாக அறிவிக்கப்பட்ட அல்லது அரசுப் பதிவேடுகளில் காடாக உள்ள நிலங்களுக்கே சட்டம் பொருந்தும் என வரையறையைச் சுருக்கியது. அதை எதிர்க்கும் வழக்கில், 1996ஆம் ஆண்டின் பொருளையே இப்போதைக்குப் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவிட்டது.

காப்பவருக்குப் பணம் தரும் முறை உலகில் இல்லாமல் இல்லை. கோஸ்டா ரிக்கா 1996ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் மூலம், எரிபொருள் வரியின் ஒரு பகுதியிலிருந்து, தம் நிலத்துக் காட்டைக் காக்கும் உரிமையாளர்களுக்குப் பணம் வழங்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 1930களின் புழுதிப் புயல்களுக்குப் பின் 1935இல் மண் பாதுகாப்புக்கென மத்தியத் துறை உருவானது. அங்கு 1985 முதல், அரிப்புக்கு உள்ளாகும் நிலத்தைப் பயிரிடாமல் புல்லோ மரமோ வளர்க்க 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்டு வாடகை தரப்படுகிறது. இந்தியாவில் 2023 அக்டோபரில் வந்த பசுமைக் கடன் புள்ளி விதிகள் அத்தகைய எதிர்பார்ப்பை எழுப்பின. ஆனால், 2024இல் மரம் நடுதலுக்காக வெளியான வழிமுறை, வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள சீரழிந்த நிலங்களையே முன்வைத்தது. சிறு உரிமையாளருக்கு அதில் இடம் குறைவு.

வெட்டும் விதிகளில் தளர்வு

பணத்தில் வராத மாற்றம் விதிகளில் வரத் தொடங்கியுள்ளது. வனமல்லாத நிலத்தில் வளரும் மூங்கில், 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்திய வனச் சட்டத்தின் 'மரம்' என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டது. மர போக்குவரத்துக்கான தேசிய இணைய அனுமதி முறை 2023 டிசம்பரில் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. வேளாண் நிலத்து மரங்களை வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூனில் மாநிலங்களுக்கு அனுப்பியது. தோட்டத்தை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்வதே அதன் அடிப்படை. தமிழகத்தில் பட்டா நிலத்துச் சந்தன மரம் 2002 முதல் உரிமையாளருக்கே சொந்தம். எனினும் அதை வெட்டி விற்பது 2008ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறை வழியாகவே நடக்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் நிலம் வாங்கியுள்ளோருக்கு 2018இல் தொடங்கிய பாவுசாகேப் புண்ட்கர் பழத்தோட்டத் திட்டம் உண்டு. கொங்கண் பகுதியில் 10 ஹெக்டேர் வரை, மற்ற பகுதிகளில் 6 ஹெக்டேர் வரை, மூன்று ஆண்டுகளில் 50:30:20 என்ற விகிதத்தில் மானியம் வழங்க அதில் வகை செய்யப்பட்டது. மும்பை நகருக்குள் நிலைமை முற்றிலும் வேறு. செம்பூரில் குடியிருப்புச் சங்க வளாகத்துக்குள் நிற்கும் மரமானாலும், 1975ஆம் ஆண்டு நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாநகராட்சி அனுமதியின்றி வெட்ட முடியாது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரங்கள் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 'பாரம்பரிய மரங்கள்' என்ற தகுதி பெற்றுள்ளன.

பட்டா யார் பெயரில்?

மேற்கண்ட உதவிகளுள் பெரும்பாலானவை தடைப்படும் இடம் நாற்றங்கால் அல்ல, வட்டாட்சியர் அலுவலகம். மகாராஷ்டிரத்தில் 'சாத் பாரா' எனப்படும் ஆவணத்துக்கு நிகரானவை தமிழகத்தில் பட்டாவும் அடங்கலும். மும்பைக்கு வந்த தாத்தாவின் பெயரிலேயே பட்டா நின்றுவிட்ட குடும்பங்கள் ஏராளம். அப்பெயரை நீக்கி வாரிசுகளின் பெயரைச் சேர்க்க இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவை தேவை. கூட்டுப் பட்டாவாக இருந்தால் பாகப் பிரிவினைப் பத்திரமோ மற்றப் பங்குதாரர்களின் சம்மதமோ வேண்டும். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டா இன்று யார் பெயரில் உள்ளது என்பதை மும்பையிலிருந்தே பார்க்கலாம்.

சிறு, குறு விவசாயிக்கான கூடுதல் மானியம் கோருவோர் வட்டாட்சியரிடம் சான்று பெற வேண்டும். இரண்டரை ஏக்கர் வரை உள்ளவர் குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை உள்ளவர் சிறு விவசாயி. கன்று நட்ட ஆண்டிலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் கூறி, மரத்தின் வகையையும் எண்ணிக்கையையும் அடங்கலில் பதியச் செய்வது அவசியம். இருபது ஆண்டுகள் கழித்துத் தேக்கையோ செம்மரத்தையோ வெட்ட விண்ணப்பிக்கும்போது, அது நட்டு வளர்த்த மரம் என்பதற்கு அப்பதிவே முதல் சான்றாக இருக்கும்.