பிழை சொன்ன வாசகர்களும் இலவசமாய்க் கிடைத்த இயற்பியல் நூலும்



'ஃபெய்ன்மன் இயற்பியல் விரிவுரைகள்' என்னும் பெருநூல் இன்று இணையத்தில் முழுமையாகப் படிக்கக் கிடைக்கிறது. மூன்று தொகுதிகள், 115 அத்தியாயங்கள். கட்டணம் இல்லை, பெயரைப் பதிவு செய்யவும் வேண்டியதில்லை. இந்நூலைப் போற்றாத இயற்பியலாளரைக் காண்பது அரிது. ஆயினும், வாசகர்கள் இதற்குச் செலுத்திய நன்றியின் பெரும்பகுதி பிழைப்பட்டியல்களாகவே வந்து சேர்ந்தது என்பதையும், அப்பட்டியல்களே இந்நூல் இணையத்திற்கு வர வழிகோலின என்பதையும் அறிந்தோர் குறைவு. அவ்வரலாற்றை இங்குச் சுருக்கமாக எழுதுகிறேன்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது கால்டெக்கில், ஒரு கவலை எழுந்தது. சார்பியல், அணுக்கள் என்று பள்ளியிலேயே கேள்விப்பட்டு ஆர்வத்தோடு வரும் மாணவர்கள், முதல் இரண்டு ஆண்டுகளைச் சாய்தளத்திலும் நிலைமின்னியலிலும் கழித்துச் சோர்ந்து போயினர். பாடத்திட்டத்தை மாற்ற ஃபோர்டு அறநிறுவனம் நிதியளித்தது. புதிய பாடத்தை நடத்தும் பொறுப்பை ரிச்சர்ட் ஃபெய்ன்மனிடம் ஒப்படைக்கலாம் என்று கூறியவர் மேத்யூ சாண்ட்ஸ் என்னும் பேராசிரியர். 1961 செப்டம்பர் முதல் 1963 மே வரை ஃபெய்ன்மன் விரிவுரையாற்றினார். பேச்சு ஒலிநாடாவில் பதிவாயிற்று. கரும்பலகை ஒளிப்படமாக எடுக்கப்பட்டது. பேச்சை எழுத்தாக்குவது எளிய வேலை என்றே முதலில் எண்ணினர். ஆனால், ஒவ்வொரு விரிவுரையையும் செப்பனிட ஓர் இயற்பியலாளர் 10 முதல் 20 மணி நேரம் உழைக்க வேண்டியிருந்தது என்று ராபர்ட் லெய்ட்டன் முன்னுரையில் குறிப்பிட்டுள்ளார். ஆசிரியர் பேச்சுக்கும் பாடநூலுக்கும் இடையே எவ்வளவு தூரம் உள்ளது என்பதைப் பாடக்குறிப்பு எழுதிப் பழகிய நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தாம் நடத்திய பாடம் மாணவர்களுக்கு நன்றாகப் பயன்பட்டதாகத் தமக்குத் தோன்றவில்லை என்று ஃபெய்ன்மனே 1963-இல் எழுதிய முகவுரையில் கூறினார். இளநிலை மாணவர் பலர் வகுப்பிலிருந்து விலக, அவ்விடங்களைப் பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் நிரப்பினர் என்று 1989-இல் சேர்க்கப்பட்ட மற்றொரு முன்னுரை கூறுகிறது. உடனிருந்து பணியாற்றிய சாண்ட்ஸ் இக்கூற்றை ஏற்கவில்லை. என் கணிப்பில் சாண்ட்ஸ் கூற்றே நம்பத்தக்கது. அவர் மாணவர்களை வாரந்தோறும் நேரில் கண்டவர்.

1975-இல் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வில்லியம் - மேரி கல்லூரியில் பயின்ற மாணவி ஒருவர், தேர்வில் ஒரு வினாவுக்கு இந்நூலின் இரண்டாம் தொகுதியை நம்பி விடை எழுதினார். மூடிய மின்கடத்திக் கூட்டினுள் மின்னூட்டங்கள் எவ்வாறு அமைந்திருந்தாலும் அவை வெளியே மின்புலத்தை உண்டாக்கா என்று நூல் கூறியது. அவருடைய விரிவுரையாளரோ மதிப்பெண் வழங்கவில்லை. காஸ் விதிப்படி அது தவறு என்று அவர் நிறுவிக் காட்டினார். கூட்டினுள் ஒரு நேர் மின்னூட்டம் இருந்தால், உட்சுவரில் அதே அளவு எதிர் மின்னூட்டம் தூண்டப்படும். அதற்கு ஈடான நேர் மின்னூட்டம் வெளிச்சுவரில் தோன்றும். ஆகவே வெளியே மின்புலம் இருந்தே தீரும். கூடு தரையோடு இணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே நூலின் கூற்று பொருந்தும்.

மாணவி ஃபெய்ன்மனுக்கே மடல் எழுதினார். நோபல் பரிசு பெற்ற அம்மேதை என்ன பதிலளித்தார்? விரிவுரையாளர் செய்தது சரியே என்றார். அறிவியலில் நம்பத்தக்கது கவனமாக அமைந்த வாதமே அன்றி ஆளின் பெருமை அன்று என்றார். நூலை நீர் சரியாகத்தான் படித்தீர், தவறு செய்தவன் நான், என்னை நம்பியதால் நீரும் தவறினீர் என்ற பொருள்பட எழுதினார். "பாடநூலில் இப்படித்தான் இருக்கிறது, ஐயா" என்று நம் மாணவர் விடைத்தாளை நீட்டும்போது, நூலையும் விடையையும் அருகருகே வைத்து வாதத்தைச் சரிபார்க்க நம்மில் எத்தனை பேருக்கு நேரமும் மனமும் இருக்கின்றன? அந்த விரிவுரையாளருக்கு இருந்தன. அவர் பெயர் பரவலாக அறியப்படாதது எனக்கு வருத்தமே.

ஆசிரியரே ஒப்புக்கொண்ட பின்னும் அப்பிழை நெடுங்காலம் அச்சில் நீடித்தது. அக்கால அச்சுமுறையில் திருத்தம் செய்வது எளிதன்று. வாசகர்களோ தத்தம் பிரதிகளின் ஓரங்களில் பிழைகளைக் குறித்துக்கொண்டே வந்தனர். 2000-ஆம் ஆண்டளவில் மைக்கேல் காட்லீப் என்பவர், ராபர்ட் லெய்ட்டனின் மகனும் ஃபெய்ன்மனின் நண்பருமான ரால்ஃப் லெய்ட்டனோடு சேர்ந்து இப்பணியைக் கையிலெடுத்தார். உலகெங்கும் உள்ள வாசகர்கள் அனுப்பிய திருத்தங்கள் தொகுக்கப்பட்டன. கால்டெக் பேராசிரியர் கிப் தோர்ன் அவற்றை மேற்பார்வையிட்டார். நூற்றுக்கணக்கில் குவிந்த திருத்தங்களில் பெரும்பாலானவை அச்சுப்பிழைகளும் படங்களில் நேர்ந்த சிறு பிழைகளுமே. இயற்பியலே தவறிய இடங்கள் மிகச் சில. 2005-இல் திருத்திய பதிப்பு வெளிவந்தது. அதற்குப் பிறகும் மடல்கள் நிற்கவில்லை.

அடுத்த படியில் வியன்னாவில் வாழ்ந்த ருடால்ஃப் ஃபைபர் என்னும் இயற்பியலாளர் துணைநின்றார். நூல் முழுவதும், சமன்பாடுகள் உட்பட, லேட்டெக் என்னும் கணினி அச்சுக்கோப்பு முறைக்கு மாற்றப்பட்டது. பிழையைக் கண்டதும் திருத்தத்தக்க கணினிக் கோப்பாக நூல் மாறிய பின்னர், அதை இணையப் பக்கங்களாக ஆக்குவதும் கைகூடியது. 2013 செப்டம்பரில் முதல் தொகுதி வெளியிடப்பட்டது. 2014-க்குள் மூன்றும் வந்துவிட்டன. மாணவியைத் தடுக்கி விழச்செய்த அந்த வாக்கியத்தில், கடத்தி தரையோடு இணைக்கப்பட்டது என்னும் சொல் இப்போது சேர்ந்துள்ளது.

ஒன்றை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். இணையத்தில் படிக்க மட்டுமே இந்நூல் இலவசம், பதிப்புரிமை கைவிடப்படவில்லை. ஆகவே, பக்கங்களைப் படியெடுத்து வகுப்பில் வழங்குதல் முறையன்று. முகவரியைத் தருவதே தகும்.

இது பல்கலைக்கழக நூலாயிற்றே, நமக்கு எதற்கு என்று பெற்றோர் எண்ண வேண்டா. முதல் தொகுதியின் நான்காம் அத்தியாயத்தை மட்டும் திறந்து பாருங்கள். ஆற்றல் அழியாமையை விளக்க, 28 மரக்கட்டைகளோடு விளையாடும் ஒரு சிறுவனும் நாள்தோறும் அவற்றை எண்ணும் தாயும் அங்கே வருகின்றனர். ஒரு நாள் ஒரு கட்டை குறைகிறது. விரிப்பின் அடியில் இருக்கிறது. இன்னொரு நாள் எண்ணிக்கை கூடுகிறது. நண்பன் விட்டுச் சென்றவை. திறக்க இயலாத பெட்டியை எடைபோட்டும், அழுக்கு நீரின் மட்டத்தை அளந்தும் தாய் கணக்கைச் சரிசெய்கிறாள். முடிவில், கட்டைகளே கண்ணில் படாவிட்டாலும் கணக்கு மட்டும் மாறாமல் நிற்கிறது. ஆற்றல் அத்தகையது என்கிறார் ஃபெய்ன்மன். நம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழிலேயே சொல்லலாம். கட்டைகளுக்குப் பதில் கோலிக்குண்டுகளை வைத்துக்கொண்டால் இன்னும் எளிது.